கல்லுக்கும் கேஸ் ஷீட் வேணும்!



போன வாரம் உடுமலைல நம்ம கிளினிக்குக்கு வந்த தம்பி ஒருத்தர், உருண்டையா ஒரு கல்லை மேசைல வெச்சார். "பெரம்பலூர்ப் பக்கம் போனப்ப எடுத்ததுங்க சார். டைனோசர் முட்டைங்களா?"

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் இதே மாதிரி உருண்டைகள் கிடைச்சப்போ, வாட்ஸ்அப் முழுக்க "டைனோசர் முட்டை"ன்னுதான் பரவுச்சு. நிபுணர்கள் பார்த்துட்டுச் சொன்னது: முட்டை இல்லை, அம்மோனைட்டைச் சுற்றிக் கடல் படிவு இறுகி உருவான உருண்டைகள்.

அம்மோனைட்னா கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். சுருண்ட ஓடு, உள்ளே அறை அறையாகத் தடுப்பு. முட்டையில் அந்தத் தடுப்பு இருக்காது. சாளக்கிராமம் பார்த்திருப்பீங்க, அதுவும் அம்மோனைட்தான்.

பெரம்பலூரில் ஏது கடல்? 🤔

1840களில் கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பகுதிகளில் புதைபடிவங்களைச் சேகரிச்சாங்க. அவற்றை ஆராய்ந்து 1846ல் அறிக்கை வெளியிட்டவர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ். ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் காலப் படிவங்களோடு ஒப்பிட்டு, இவையும் அதே காலம்னு சொன்னார். அதாவது டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் அந்தப் பகுதிகளில் கடல் இருந்திருக்கு!

அவரும் ஒரு இடத்தில் சறுக்கினார். புதுச்சேரிப் பாறைகளை மற்ற இரண்டையும்விடப் பழசுன்னு கணிச்சார். 1890களில் வார்த் என்பவர் சேகரிச்ச படிவங்களை வைத்து காஸ்மட் அதைத் திருத்தினார். எந்தக் கல் எந்த ஊர்ல கிடைச்சதுன்னு குறிப்பு இருந்ததாலதான் கணிக்கவும் முடிஞ்சது, திருத்தவும் முடிஞ்சது.

பயாப்சி பாட்டிலில் பேர் ஒட்டாம லேபுக்கு அனுப்பினா என்ன ஆகும்? கட்டி என்னன்னு தெரியும், யாருடையதுன்னு தெரியாது.

இந்தக் கல்லும் அப்படித்தான். "எந்த ஊர், எந்த ஓடை தம்பி?"ன்னு கேட்டேன். "ஞாபகம் இல்லைங்க சார்."

உடுமலையைச் சுற்றி இருப்பது வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறின பழம்பாறை. அம்மோனைட் இதில் கிடைக்காது. இந்தக் கல் இங்கே ஷோகேஸ்ல இருந்தா, நாளைக்குப் பார்க்கிறவங்களுக்கு அது எதையும் சொல்லாது.

அதனால நீங்க எங்கே பார்த்தாலும்,

✅ எடுக்காதீங்க, உடைக்காதீங்க
✅ பக்கத்தில் ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க
✅ போனில் லொகேஷனைச் சேமிங்க
✅ புவியியல் துறை உள்ள கல்லூரிக்குத் தெரிவிங்க

கல்லோட கேஸ் ஷீட் அது கிடக்கிற இடம்தாங்க. அதைக் கிழிச்சுட்டு நோயாளியை மட்டும் தூக்கிட்டு வந்துடாதீங்க.