வரி ஏறுவதற்குள் மூன்று சிப்பம் அரிசி

2022 ஜூலை 14, வியாழக்கிழமை. ஆபீஸில் மும்முரமாக ஆணி புடுங்கிக்கொண்டிருந்தபோது தங்கமணியிடமிருந்து போன்.

"என்னங்க, திங்கக்கிழமையிலேர்ந்து அரிசிக்கு ஜிஎஸ்டியாமே? வாட்ஸ்அப்புல எல்லாரும் அதேதான் பேசறாங்க. வரும்போது ரெண்டு மூணு சிப்பம் தூக்கிட்டு வந்துடுங்க."

தில்லியில் பொன்னி அரிசி தின்று உயிர் வாழும் ஜீவன்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை. இங்கே பாஸ்மதி மூலைக்கு மூலை கிடைக்கும், பொன்னிக்கு நம்மூர்க் கடையைத் தேடித்தான் போகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் கடையில் நமக்கு முன்னாடி ஒரு பத்துப் பேர். எல்லார் முகத்திலும் ஒரு சின்ன வெற்றிக்களை. நானும் 25 கிலோ சிப்பம் மூன்று வாங்கி ஆட்டோவில் ஏற்றினேன்.

இனிமேல் கணக்கு. சிப்பம் 1,350 ரூபாய். 5 சதவீத வரி என்றால் 67 ரூபாய் 50 காசு. மூன்றுக்கும் சேர்த்து மிச்சம் 202 ரூபாய் 50 காசு. ஆட்டோவுக்குக் கொடுத்தது 180. நிகர லாபம் 22 ரூபாய் 50 காசு :-)

மழைக்காலத்து தில்லியில் 75 கிலோ அரிசியை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். செப்டம்பரில் வண்டு வந்தது. வேப்பிலை, காய்ந்த மிளகாய் எல்லாம் போட்டும் பலனில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் பேப்பர் விரித்துப் புடைத்த கதையைத் தனியாகச் சொல்லலாம்.

அப்படிப் புடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் யோசித்தேன். வரி ஏறும் முன்னே வாங்கி வைக்கிற இந்தப் பழக்கம் நமக்கு எப்போதிலிருந்து வந்தது? அலசிப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

பொருள்களின் விற்பனைக்கு வரி போடும் அதிகாரத்தை மாகாணங்களுக்குக் கொடுத்தது 1935 ஆம் வருஷத்து இந்திய அரசுச் சட்டம். அதை வைத்து எல்லாப் பொருளுக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது யார் தெரியுமா? நம்ம சென்னை மாகாணம்தான், 1939 இல். கொண்டுவந்தவர் ராஜாஜி. 1937 அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. அதை மற்ற ஜில்லாக்களுக்கும் கொண்டுபோகணும் என்றால் கள்ளு சாராய வருமானம் போன ஓட்டையை எதையாவது வைத்து அடைக்கணுமே. அதற்குத்தான் இந்த வரி. குடிக்கிறவன் கட்டிய வரியைக் குடிக்காதவன் தலையிலும் கட்டிவிட்டார் என்று சொன்னால் ராஜாஜி ரசிகர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் விஷயம் ஏறக்குறைய அதுதான்.

எவ்வளவு வரி? வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் கடைக்கு ஒன்றும் கிடையாது. 20,000 வரை மாசம் 5 ரூபாய். அதற்கு மேலே போனால் மொத்த விற்றுமுதலில் அரை சதவீதம். அந்தக் கால ஒரு ரூபாய்க்கு 192 பைசா (அந்தப் பழைய தம்படிப் பைசா, நம்ம நயா பைசா இல்லை). அதில் அரை சதவீதம் என்றால் ஒரு தம்படி கூட முழுசாக வராது. இதற்காக எந்தப் பாட்டி மூட்டை மூட்டையாகப் புளி வாங்கி வைத்திருப்பாள்? குதிரில் நெல்லும் பானையில் புளியும் வைத்திருந்தார்கள்தான். அது அறுவடைக் கணக்கு, வரிக் கணக்கு இல்லை.

வரிக்குப் பயந்து வாங்கி வைப்பது பட்ஜெட் காலத்துச் சமாச்சாரம். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, முன்பெல்லாம் மத்திய பட்ஜெட் பிப்ரவரி கடைசி நாள் சாயங்காலம் 5 மணிக்கு வரும். 1999 இல் யஷ்வந்த் சின்ஹாதான் அதைக் காலை 11 மணிக்கு மாற்றினார். சாயங்காலம் 5 மணிக்கு என்னென்ன ஏறும் என்று வாசித்தால், கலால் வரியும் சுங்க வரியும் அன்று நள்ளிரவே அமலுக்கு வந்துவிடும். பார்லிமென்ட் ஒப்புதல் தருவதற்குள் ஜனங்கள் பதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே 1931 இல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தான். அதனால்தான் பட்ஜெட் என்றால் அவ்வளவு ரகசியம். 1950 இல் விஷயம் கசிந்துவிட்டது என்று அச்சடிக்கும் இடத்தையே ராஷ்டிரபதி பவனிலிருந்து மாற்றினார்கள்.

ரகசியம் என்பதால் ஜனங்களுக்கு மிச்சம் வதந்திதான். எது ஏறும் என்று தெரியாது, எதுவோ ஏறும் என்று மட்டும் தெரியும். பிப்ரவரி கடைசி வாரம் கும்பகோணத்தில் எங்கள் தெருக் கடையில் சிகரெட் காணாமல் போய்விடும். "ஸ்டாக் இல்லை சார்" என்பார் அண்ணாச்சி. மார்ச் 1 ஆம் தேதி காலையில் அதே சிகரெட் புது விலையில் பிறந்திருக்கும். அப்பா பெட்ரோல் பங்க் வரிசையில் லாம்ப்ரெட்டாவோடு நிற்பார். அம்மாவுக்கு சோப்பும் தீப்பெட்டியும். வாங்கி வைத்ததில் பாதி சமயம் அந்தப் பொருளுக்கு வரியே ஏறியிருக்காது. "போகட்டும், கெட்டா போகும்?" என்பாள். உண்மைதான், சோப்பு கெடாது. பரணில் அடுக்கி வைத்த சோப்பு காய்ந்தால் சீக்கிரம் கரையாது என்று அதற்கும் ஒரு லாபக் கணக்கு வைத்திருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லணும். 1990 வரைக்கும் பாக்கெட்டின் மேலே விலை போட்டுப் பக்கத்திலேயே 'உள்ளூர் வரிகள் தனி' என்று அச்சடித்துக்கொள்ள முடிந்தது. அந்த உள்ளூர் வரி எவ்வளவு என்பது கடைக்காரருக்கே வெளிச்சம். எல்லா வரியும் சேர்த்த அதிகபட்ச சில்லறை விலையைத்தான் அச்சடிக்கணும் என்று விதி வந்தது 1990 இல். அதற்கப்புறம்தான் பழைய விலை அச்சடித்த பாக்கெட் என்பதற்கு ஒரு மதிப்பு வந்தது. வரி ஏறினாலும் அதில் போட்ட விலைக்கு மேலே கேட்க முடியாதே.

மாநில விற்பனை வரி தனிக் கூத்து. பாண்டிச்சேரியில் வரி கம்மி என்று கடலூர், விழுப்புரத்துக்காரர்கள் அங்கே போய் ஃபிரிட்ஜ் வாங்கி வந்த காலம் ஒன்று உண்டு. மாநிலங்கள் இப்படிப் போட்டி போட்டு வரியைக் குறைத்தது 2000 ஜனவரியில் குறைந்தபட்ச விகிதம் வந்ததும் அடங்கியது. 2005 ஏப்ரலில் பல மாநிலங்களில் வாட் வந்தது, தமிழ்நாட்டில் 2007 ஜனவரியில்தான். 2011 ஜூலையில் தமிழ்நாட்டில் 4 சதவீதம் 5 ஆகவும், 12.5 சதவீதம் 14.5 ஆகவும் ஏறியது. யாருக்கும் மூட்டை கட்ட அவகாசம் கொடுக்கவில்லை.

தேதி சொல்லி வரி மாற்றியது என்றால் ஜிஎஸ்டிதான். 2017 ஜூலை 1 என்று முன்கூட்டியே ஊருக்கே தெரியும். ஜூன் மாசம் முழுக்க 'ஜிஎஸ்டிக்கு முந்தைய தள்ளுபடி' என்று பேனர். கடைக்காரர்கள் திடீரென்று தருமப்பிரபு ஆகிவிட்டார்கள் என்று நினைத்தேன். விஷயம் வேறு. கையில் இருக்கும் பழைய சரக்குக்கு, ஏற்கெனவே கட்டிய கலால் வரிக்கு ரசீது இல்லாவிட்டால் புது வரியில் 60 சதவீதமோ 40 சதவீதமோதான் கழித்துக்கொள்ள முடியும். ஒரு வருஷத்துக்கு மேல் பழைய சரக்கு என்றால் அதுவும் கிடையாது. அதனால் அவர்களுக்கு அலமாரியைக் காலி செய்யணும், நமக்கு அலமாரியை நிரப்பணும். நல்ல பொருத்தம்! மருந்துக் கடைகளும் சரக்கு எடுப்பதைக் குறைத்ததால் சில மருந்துகளுக்கு அலைய வேண்டியிருந்தது.

நானும் வாஷிங் மெஷினுக்கு 28 சதவீதம் என்று கேள்விப்பட்டு ஜூன் 28 ஆம் தேதி அவசரமாக ஒன்று வாங்கினேன். 2018 ஜூலை 27 இல் அதையே 18 சதவீதமாக்கிவிட்டார்கள். அதே நாளில்தான் சானிட்டரி நாப்கினுக்குப் போட்ட 12 சதவீதமும் முழுசாகப் போனது. ஷாம்பு, சலவைத் தூளுக்கும் 28 என்று பயந்து வாங்கி வைத்தவர்களுக்கு 2017 நவம்பர் 15 இலேயே 18 ஆகிவிட்டது. ஆக, பரண் நிறைய வைத்தவன் எப்போதும் ஜெயிப்பதில்லை.

சரி, அரிசிக்கு வருவோம். 2017 இல் பதிவு செய்த பிராண்டு அரிசிக்கு மட்டும் 5 சதவீதம் இருந்தது. நிறையப் பேர் பிராண்டே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அதை அடைக்கத்தான் 2022 ஜூன் கடைசியில் சண்டிகரில் கூடிய கவுன்சில், பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய அரிசி, கோதுமை மாவு, பருப்பு, தயிர் எல்லாவற்றுக்கும் 5 சதவீதம் என்றது. ஆனால் 25 கிலோ வரைதான். அதற்கு மேல் போனால் வரி இல்லை. விளைவு? ஆகஸ்டில் நம்மூர்க் கடைக்குப் போனால் 26 கிலோ சிப்பம் நிற்கிறது, வரி இல்லாமல்! நான் அடித்துப்பிடித்து வாங்கிய மூன்று சிப்பத்தையும் நினைத்துக்கொண்டேன். தயிரை எப்படிப் பதுக்குவது? தங்கமணி பாலுக்கு வரி இல்லை என்று கண்டுபிடித்து அன்றைக்கே உறை ஊற்ற ஆரம்பித்தாள். வீட்டில் நடந்த ஒரே உருப்படியான வரிச் சீர்திருத்தம் அதுதான்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா கள்ளக்குறிச்சிப் பக்கம். அவர் வீட்டுக்காரருக்குக் கட்டட வேலை, வாரக்கூலி. அந்த வாரம் நான் சிப்பங்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது, "நீங்களும் வாங்கி வெச்சீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். "நாங்க என்னத்த சார் வாங்கி வெக்கறது? கைல இருக்கற காசுக்கு ரெண்டு கிலோ" என்றார். சில்லறையாக அளந்து வாங்கும் அரிசிக்கு வரியே கிடையாது. நிதியமைச்சரே ஒரு பட்டியல் போட்டு, இவற்றையெல்லாம் லூஸாக வாங்கினால் வரி இல்லை என்று விளக்கினார். ஆனால் அக்கா வாங்கும் கடையில் அடுத்த வாரமே கிலோவுக்கு 2 ரூபாய் ஏற்றிவிட்டார்கள். கேட்டால் ஜிஎஸ்டி என்று பதில். அதாவது வரி கட்ட வேண்டிய நான் 5 சதவீதத்தில் தப்பித்தேன். வரியே இல்லாத அவர் வாராவாரம் கட்டினார். என்னுடைய 22 ரூபாய் 50 காசுச் சாதனையை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வண்டு வருவதற்கு முன்பே ஒரு சிப்பத்தைக் கொடுத்திருக்கலாம். வந்தபிறகு கொடுக்க மனசில்லை.

2025 இல் எல்லாம் தலைகீழ். சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகும் என்று செப்டம்பர் 3 ஆம் தேதி அறிவித்தார்கள், அமலுக்கு வருவது 22 ஆம் தேதி. நடுவில் 19 நாள். இந்த முறை தங்கமணியின் உத்தரவு: "ஒண்ணும் வாங்காதீங்க!" பற்பசை டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டி வழித்தோம். ஷாம்பு பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினோம். 20 ஆம் தேதி சோப்பு சுத்தமாகத் தீர்ந்துபோய்ப் பரணில் துழாவினால், அம்மா எப்போதோ ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய இரண்டு சோப்பு கல் மாதிரிக் காய்ந்து கிடந்தன. இரண்டும் நவம்பர் வரைக்கும் கரையவே இல்லை.