கணினிக் கோப்புகளுக்கு ‘பேக்கப்’: கிளவுட்டில் இருந்தால் போதுமா?

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவில் பல வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. அப்படி ஒரு வீட்டில் மேசைமேல் மடிக்கணினி, அதே மேசையின் இழுப்பறையில் ‘பேக்கப்’ ஹார்ட் டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்கு இரண்டு பிரதிகள். தண்ணீருக்கு ஒன்றுதான்.

“பேக்கப் எடுத்தாச்சு” என்று நாம் நிம்மதியாக இருக்கும் பல ஏற்பாடுகள் இப்படித்தான் இருக்கின்றன.

பேக்கப் என்றால் சரியாக என்ன?

மூலக் கோப்புக்கு என்ன நடந்தாலும், அதனால் பாதிக்கப்படாத இன்னொரு பிரதி.

கணினியில் இடம் போதலன்னு படங்களை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றிவிட்டு, கணினியில் இருந்ததை அழித்துவிடுகிறோம். அது பேக்கப் இல்லை. இருந்த ஒரே பிரதி இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவும் ஆல்பம் ஆகாது. வழக்கமான முறையில் அனுப்பும் படங்களை அது சுருக்கிவிடும். திறன்பேசித் திரையில் வித்தியாசம் தெரியாது. தாத்தாவின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட நினைக்கும்போதுதான் தெரியும்.

கிளவுட்ல தானா ஏறிடுதே, போதாதா?

இங்கேதான் குழப்பம் அதிகம். கூகள் டிரைவ், ஒன்டிரைவ், ஐகிளவுட் போன்ற சேவைகள் பெரும்பாலும் செய்வது ‘சிங்க்’, அதாவது எல்லாச் சாதனங்களிலும் கோப்புகளை ஒரே நிலையில் வைத்திருப்பது. மடிக்கணினியில் ஒரு கோப்பை அழித்தால் கிளவுட்டிலும் அது அழியும். தவறுதலாக மாற்றி எழுதினால் அந்த மாற்றமும் போய்ச் சேரும். சொன்னதைத்தான் செய்கிறது, குறை சொல்ல முடியாது.

மீட்க அவகாசம் உண்டு. கூகள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள், கூகள் ஃபோட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். ஆனால் போன வருஷம் அழிந்த ஃபோல்டரை இன்றைக்குத் தேடினால்?

‘ரேன்சம்வேர்’ எனும் பிணைநிரலையும் மறக்க வேண்டாம். 2017 மே மாதம் 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிய ‘வான்னாக்ரை’, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இத்தகைய நிரல்கள் கணினியில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்கையும் விட்டுவைப்பதில்லை. பேக்கப் முடிந்ததும் அதைக் கழற்றிவிடச் சொல்வது இதனால்தான்.

அப்படியென்றால் எத்தனை பிரதி வேண்டும்?

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பிரபலப்படுத்திய ‘3-2-1’ முறையை நிபுணர்கள் பலர் பரிந்துரைக்கிறார்கள். மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வீட்டுக்கு வெளியே.

கேட்க பெரிய வேலை மாதிரி இருக்கும். வீட்டளவில் பார்த்தால் கணினி ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, கிளவுட் ஒன்று. கிளவுட் வேண்டாம் என்பவர்கள் இன்னொரு ஹார்ட் டிஸ்கை அக்கா வீட்டில் கொடுத்து வைக்கலாம். தீபாவளிக்குப் போகும்போது புதுப்பித்துக்கொண்டால்கூட ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

விண்டோஸில் ‘ஃபைல் ஹிஸ்டரி’, மேக்கில் ‘டைம் மெஷின்’ இலவசமாகவே இருக்கின்றன. இரண்டும் கோப்பின் பழைய வடிவங்களையும் சேர்த்து வைக்கும். நேற்று கெட்டுப்போன கோப்பின் முந்தாநாள் வடிவம் கிடைக்கும்.

எல்லாவற்றையும் சேமிக்கணும்னு இல்லை. திரைப்படங்கள், மென்பொருள்கள் மறுபடியும் கிடைக்கும். குடும்பப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள், வீட்டுக் கடன் ஆவணங்கள் முதலில். வருமான வரிக் கழிவுக்கான ரசீதுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்நாட்டு வருமான வாரியம் கேட்டால் காட்ட, அவற்றை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வாங்கிய ஹார்ட் டிஸ்க் அவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

எடுத்த பேக்கப் திறக்குமா?

பலர் செய்யாமல் விடும் சோதனை இதுதான். 1998-இல் ‘டாய் ஸ்டோரி 2’ தயாரிப்பின்போது, தவறான ஒரு கட்டளையால் பிக்சார் நிறுவனத்தின் கணினியில் படக் கோப்புகள் வரிசையாக அழிந்தன. பேக்கப் இருந்தது. ஆனால் அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநரின் வீட்டுக் கணினியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

சில மாதங்களுக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து நான்கைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். வீடியோ என்றால் கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஹார்ட் டிஸ்கைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைப்பவர்கள், அதைக் கணினியில் மட்டும் குறித்து வைக்க வேண்டாம். கணினி போனால் அதுவும் போய்விடும். ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்புறையில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.