குமுளிக்குப் போன பூட்டனும் துபாய்க்குப் போன நானும்

ஒன்பதே நாள் வேலை. துபாயில் ஒரு கிளையண்ட் ஆபீஸில் உட்கார்ந்து ஆணி பிடுங்கிவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். ஆனா கம்பம் பக்கத்துல எங்க கிராமத்துல அது 'பையன் ஃபாரின் போறான்' ஆகிப்போச்சு. டிக்கெட் கைக்கு வருமுன்னே லிஸ்ட் வந்துவிட்டது. அத்தைக்குக் கோடாலித் தைலம் நாலு. மதினிக்கு வாசனை சோப்பு. சித்தப்பாவுக்கு 'நல்லதா ஒரு டார்ச் லைட்டு'. அம்மா மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு சொன்னது: "அங்க பவுனு வெல கம்மியாம்ல?"

அப்பத்தா எதுவும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. "பத்திரமா வந்து சேருய்யா. அங்க ஏலக்காய் என்ன வெல விக்கிறான்னு மட்டும் பாத்துட்டு வா."

திருநெல்வேலிக்கே அல்வாவா என்று சிரித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். அப்போது புரியவில்லை.

முதலில் அம்மாவின் பவுனைப் பார்த்துவிடுவோம், ஏன்னா குறுகிய பயணம் போகிற எல்லோரும் அதில்தான் ஏமாறுகிறார்கள். 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரைக்கும் இருந்தது. கட்டித் தங்கம் வீட்டில் வைத்திருந்தாலே குற்றம். அந்தக் காலத்துத் தமிழ் சினிமா வில்லன் எல்லாம் ஏன் பெட்டி நிறைய பிஸ்கட்டோடு அலைந்தான் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. 1992-இல் கதவைத் திறந்து, வெளிநாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் வரி கட்டி 5 கிலோ வரை கொண்டு வரலாம் என்றார்கள். வில்லன்களுக்கு வேலை போச்சு. ஆனால் 2016-இல் வந்த பேக்கேஜ் விதிகளில் வரியில்லாத நகைச் சலுகை ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம். அதுவும் ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு மட்டும். ஒன்பது நாள் போன என்னைப் போன்ற ஆளுக்கு அந்தச் சலுகை கிடையாது. அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. எதிர்வீட்டுப் பையன் கொண்டு வந்தானாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். 'வெளிநாடு போனா என்ன வாங்கலாம்' என்கிற லிஸ்ட் யார் எழுதுவது? நாம் எழுதுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கென்னமோ பாதி லிஸ்ட்டை எழுதுவது சுங்கச் சாவடிதான் என்று படுகிறது. எது இங்கே கிடைக்காதோ, எதுக்கு இங்கே வரி ஜாஸ்தியோ, அதுதான் பெட்டிக்குள் ஏறும். இதைக் கண்டுபிடிக்க நான் துபாய் போயிருக்கவே வேண்டாம். எங்கள் ஊருக்கு மேற்கே நிமிர்ந்து பார்த்தாலே போதும்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

என் பூட்டன், அதாவது தாத்தாவோட அப்பா, மாசம் ஒருதரம் வெளிநாடு போனவர். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கேயிருந்து அந்தப் பக்கம் திருவிதாங்கூர். அது வேற ராஜா, வேற கொடி, வேற தபால். தபாலுக்கு அங்கே 'அஞ்சல்' என்று பேர். 1951-இல்தான் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்தது. எல்லாத்துக்கும் மேலே, காசே வேற!

அந்தக் காசுக் கணக்கைச் சொல்லாமல் நகர முடியாது, பொட்டி தட்டுறவனுக்கு அது அப்படி ஒரு அழகு. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு ரூபாய். ஆக திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். ஆனால் நம்ம பக்கத்து வெள்ளைக்கார ரூபாயைக் கொடுத்தால் 28 சக்கரமும் மேலே 8 காசும் கிடைக்கும். அதாவது இருபத்தெட்டரை. அரைச் சக்கரம் லாபம்! இன்றைக்கு நாம் திர்ஹாம் என்ன ரேட் என்று மொபைலில் தேய்த்துக்கொண்டிருக்கிறோமே, பூட்டன் அதை விரல் கணுவிலேயே போட்டிருக்கிறார். அவர் விட்டுப்போன ஒரு சக்கரம் அப்பத்தாவின் அஞ்சறைப்பெட்டியில் கடுகுக்கும் வெந்தயத்துக்கும் நடுவில் இன்னும் கிடக்கிறது.

மேலே போகும்போது அரிசி, துணி, புகையிலை. கீழே வரும்போது மிளகு, ஏலம், தேன். இதுதான் பள்ளத்தாக்கின் ஏற்றுமதி இறக்குமதி. இதில் புகையிலை தனிக் கதை. திருவிதாங்கூரில் மிளகு, புகையிலை இரண்டுமே சர்க்காரின் ஏகபோகமாக இருந்தவை. திவான் மாதவராவ் காலத்தில்தான் 1860-இல் மிளகையும் 1863-இல் புகையிலையையும் விட்டார்கள். 1865-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் கொச்சியும் திருவிதாங்கூரும் ஒப்பந்தம் போட்டு மூவருக்கும் இடையே பெரும்பாலான சரக்குக்குச் சுங்கத்தை எடுத்தபோதும் புகையிலை மாதிரி சிலதுக்கு வரி ஒட்டிக்கொண்டே இருந்தது. வரி இருக்கிற இடத்தில் மடியில் முடிந்துகொண்டு போகிறவனும் இருப்பான் இல்லையா.

ஆனால் நான் சொல்ல வந்தது ஏலக்காயை.

மலையிலே விளைகிற ஏலத்தை விளைவித்தவர்களில் பெரும்பாலோர் மலையில் குடியிருந்தவர்கள் இல்லை. கம்பம், போடி பக்கத்து ஆட்கள். பருவத்துக்கு ஏறிப்போய்க் காட்டைத் திருத்தி, காய் பறித்து, இறங்கி வருவார்கள். பறித்த காய் ஆனா அவர்களுடையது கிடையாது. சர்க்கார் ஏகபோகம். சர்க்காரிடம்தான் கொடுக்க வேண்டும், அவர்கள் வைத்ததுதான் விலை. சரக்கு ஆலப்புழைக்குப் போய் அங்கே ஏலம் போகும். உலகச் சந்தையில் நம்ம மலை ஏலத்துக்கு இன்றைக்கும் 'ஆலப்பி கிரீன்' என்று பேர் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆலப்புழையில் ஏலச்செடி ஒண்ணும் வளராதுங்க, அது கடற்கரை. பேர் துறைமுகத்துக்குப் போச்சு, முதுகுவலி நமக்கு வந்துச்சு.

விளைவித்தவனே ஒரு கைப்பிடி ஏலத்தை மடியில் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு இறங்கினால் அது கடத்தல். இதைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏகபோகம் போய் நிலவரி வந்தது. அதே சமயத்தில்தான் இன்னொரு சரக்கும் மலையிலிருந்து கீழே வந்தது: தண்ணீர். 1886-இல் 999 வருஷக் குத்தகை, வருஷத்துக்கு 40,000 ரூபாய், 1895-இல் அணை. பள்ளத்தாக்கு வெளிநாட்டிலிருந்து வாங்கியதிலேயே உருப்படியானது அதுதான், பென்னிகுயிக்குக்கு இங்கே பொங்கல் வைக்கிற காரணமும் அதுதான். அணையைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், வேண்டாம்.

1956 நவம்பர் 1. மாநிலங்களைப் பிரித்தார்கள். நேசமணி தலைமையில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு கன்னியாகுமரிப் பக்கத்து நாலு தாலுகாவும் செங்கோட்டையும் நம்ம பக்கம் வந்தன. தமிழர்கள் நிறைய இருந்த தேவிகுளமும் பீர்மேடும் வரவில்லை. பூட்டனுக்கு வெளிநாடாக இருந்தது அப்பத்தாவுக்கு வெளிமாநிலம் ஆனது. அப்பத்தா தன் பதினஞ்சு வயசிலிருந்து நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல், விடியுமுன்னே தூக்குவாளியோடு ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்ச் சாயங்காலம் திரும்பியிருக்கிறது. கணக்குப் பார்த்தால் எங்கள் குடும்பத்தில் அதிகம் 'குறுகிய பயணம்' போனது அதுதான்.

ஏலம் பறிப்பது நின்றுகொண்டு செய்கிற வேலை இல்லை. செடி ஆளை விட உயரம், ஆனால் காய் பிடிப்பது அடியில், மண்ணை ஒட்டி ஓடுகிற சரத்தில். குத்தவைத்துக்கொண்டே நகர வேண்டும். மழை, அட்டை, சாணித்தாளைப் போர்த்திக்கொண்டு வேலை. பச்சைக்காய் நாலு அஞ்சு கிலோ பறித்தால் ஸ்டோரில் ராத்திரி முழுக்கச் சூடு காட்டி உலர்த்தியபின் ஒரு கிலோ தேறும். அதைத்தான் பிறகு சலித்து, 8 மில்லி, 7 மில்லி என்று தரம் பிரித்துப் போடிக்குக் கொண்டு வருவது. ஏலக்காயை ஏலம் விடுகிற ஊர் போடி. அங்கேயும் 2007-இல் கம்ப்யூட்டர் ஏலம் வந்துவிட்டது. வந்ததுக்கு நானும் ஒரு வகையில் சொந்தக்காரன் என்று காலரைத் தூக்கிக்கொள்வேன், அப்பத்தா கண்டுகொள்ளாது.

2011 டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அப்போது பள்ளிக்கூடம். முல்லைப் பெரியாறு தகராறில் எல்லையில் போக்குவரத்து நின்றுபோனது. பள்ளத்தாக்கு முழுக்க ஊர் ஊராகக் குமுளியை நோக்கி நடந்தார்கள். ஜீப் ஓடவில்லை. பறிப்புப் பருவம் அது. மேலே காய் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தது, கீழே கூலி இல்லாமல் பொம்பளைகள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு மூன்றிலும் பாஸ் கேட்டார்கள். "இப்பத்தான்டா இது நெசமான ஃபாரினு" என்றார் சித்தப்பா.

இப்போது துபாய். கடைசி நாள் சாயங்காலம் ஒரு திர்ஹாம் கொடுத்துப் படகில் கழியைத் தாண்டி தேராவுக்குப் போனேன். மசாலாச் சந்தை. சாக்கு சாக்காக நிற்கிறது ஏலம். அரபியில் 'ஹேல்' என்கிறார்கள். லேசாக வறுத்த காப்பியில் கை நிறைய ஏலத்தைத் தட்டிப் போட்டு அவர்கள் குடிக்கிற கஹ்வாதான் உலக ஏலச் சந்தையைப் பிடித்து நிறுத்தியிருக்கிற தூண். விலை கேட்டேன். கடைக்காரர் கேட்டார், "குவாத்தமாலாவா, இந்தியாவா?"

எங்கே இருக்கிறது குவாத்தமாலா! 1914 வாக்கில் ஆஸ்கர் மாயுஸ் க்ளோஃபர் என்ற ஜெர்மன் தோட்டக்காரர் அங்கே கோபான் பக்கத்தில் இந்தச் செடியைக் கொண்டுபோய் நட்டார். அந்த ஊர்க்காரர்கள் ஏலக்காயைச் சாப்பிடுவதே அபூர்வம். விளைவது அநேகமாக எல்லாமே ஏற்றுமதி. 1970-களில் எண்ணெய்ப் பணம் பெருகி அரபு நாடுகள் வாங்க ஆரம்பித்தபோது அவர்கள் விளைச்சலைப் பெருக்கினார்கள். 80-களில் விலை விழுந்தது, நம்ம ஏற்றுமதி சுருங்கிப்போனது. தாத்தா அப்போது மேலே குத்தகைக்கு வைத்திருந்த ஒன்றரை ஏக்கரை விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். குவாத்தமாலா என்ற பேரைத் தாத்தா கேள்விப்பட்டிருக்கவே மாட்டார். பிறகு 2019-இல் நம்ம பக்கம் வெள்ளம், வறட்சி எல்லாம் சேர்ந்து விளைச்சல் படுத்தபோது கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்போது எங்களிடம் ஒரு செடிகூட இல்லை. ஹி ஹி.

கால் கிலோ குவாத்தமாலா, கால் கிலோ இந்தியா. மொத்தம் 65 திர்ஹாம். 2024 கணக்கில் ஏறக்குறைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். தேனிக்காரன் துபாயில் ஏலக்காய் வாங்கினான் என்று தெரிந்தால் நண்பர்கள் ஓட்டியே கொன்றுவிடுவார்கள், யாரிடமும் சொல்லவில்லை.

தைலம் அத்தைக்கு, சோப்பு மதினிக்கு, டார்ச் சித்தப்பாவுக்கு. எல்லாம் பிரித்துக் கொடுத்தபின் இரண்டு பொட்டலத்தையும் அப்பத்தா முன்னால் வைத்தேன். முறத்தில் கொட்டச் சொன்னது. கண்ணாடி போடவில்லை. விரலால் உருட்டிப் பார்த்தது, ஒன்றை உடைத்து விதையை நாக்கில் வைத்தது.

"இது எந்தச் சீமைக் காயி? இது நம்ம மலைது. எட்டு மில்லி."

சரியாகச் சொல்லிவிட்டது. அப்புறம்தான் அம்மா ஒரு விஷயம் சொன்னது. அப்பத்தா வேலை பார்த்த தோட்டத்தில் சாயங்காலம் இறங்கும்போது பொம்பளைகளின் மடியைத் தட்டி, தூக்குவாளியைத் திறந்து பார்த்துத்தான் ஜீப்பில் ஏற விடுவார்களாம். அத்தனை வருஷத்தில் ஒரு காய் வீட்டுக்கு வந்ததில்லை. பொங்கலுக்கு வேண்டிய பத்து காயைக் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறது.

அப்பத்தா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டது. "அங்கிருந்து கெளம்பயில உன் பையப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க அப்பத்தா. மிஷின்ல விட்டு உள்ள இருக்கிறது எல்லாத்தையும் பாப்பாங்க."

"காயி இருக்கிறது தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சிருக்கும்."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணும் சொல்லல."

இரண்டு குவியலையும் தனித்தனியாகத் துணியில் முடிந்து, நம்ம மலைக் காயைத் தன் இடுப்புச் செருகலில் வைத்துக்கொண்டு, குவாத்தமாலாவை அம்மாவிடம் நீட்டியது. "இதத் தட்டிப்போட்டு எல்லாருக்கும் டீயப் போடு."