கன்னேரிமுக்கு - ஊட்டிக்கு முந்தின ஊர்

நீலகிரின்னா உடனே ஊட்டிதான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு கோத்தகிரி போனப்பதான், பக்கத்தில் இருக்கும் கன்னேரிமுக்கு என்ற படுகர் கிராமத்தைப் பார்த்தேன்.

கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதல்ல பங்களா கட்டினது இங்கேதான். ஊட்டியில் அவரோட கல் பங்களா வேலை ஆரம்பித்ததே 1822-ல்தான்! கன்னேரிமுக்கு பங்களா ரொம்ப நாள் பாழடைஞ்சு கிடந்து, 2002-ல் சீர் செய்யப்பட்டு, பிறகு அருங்காட்சியகம் ஆனது.

ஆனா ஒரு உறுத்தல். சல்லிவன்தான் நீலகிரியைக் 'கண்டுபிடிச்சார்'னு சின்ன வயசுல படிச்சிருக்கேன். 1117-ஆம் வருஷத்து ஹொய்சளர் கல்வெட்டிலேயே தோடர்கள் பேர் இருக்கு. 1603-ல் ஃபினிசியோ பாதிரியார் தோடர்களை நேரில் பார்த்து எழுதியிருக்கார். இத்தனை பேர் வாழ்ந்த மலையை யார் கண்டுபிடிக்கிறது?

ஊட்டியில் தோடர் நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்கு வாங்கினவர் சல்லிவன். அந்த நிலத்தில் தோடர்களுக்கே உரிமைன்னு பிறகு மெட்ராஸ் அரசோடு மல்லுக்கு நின்றவரும் அவரேதான். மனுஷனை எந்தப் பக்கம் சேர்க்கிறதுன்னு தெரியலை.

டீக்கடையில் ஒரு பெரியவர் கேட்டார்: "பங்களா பாக்க வந்தீங்களா தம்பி? ஊரைப் பாக்கலையா?"

கேமராவில் தேடினேன். பதினேழு படம். எல்லாமே பங்களா. அடுத்த தடவை ஊருக்காகவே போகணும்.