பேஸ்பால்ல பெஸ்ட் பிளேயர் யார்? 45 வருட சாதனையாளர் Vs 21 வயசுப் பையன்... சண்டையை மூட்டிவிட்ட ஒரு நம்பர்!

பிராட் பிட் நடிச்ச 'மணிபால்' படத்தைப் பார்த்துட்டு, "படம் செம, ஆனா அந்த நம்பர் மேட்டர் மட்டும் தலைக்கு மேல போயிடுச்சு"ன்னு ஃபீல் பண்ணவரா நீங்க? அப்போ இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். கிரிக்கெட்டில் ஸ்ட்ரைக் ரேட்டுக்கும் ஆவரேஜுக்கும் நடக்கும் சண்டையெல்லாம் சும்மா. பேஸ்பால் ரசிகர்கள் ஒரே ஒரு விருதுக்காக ஒவ்வொரு நவம்பரிலும் அடித்துக்கொள்வார்கள். அந்த விருதின் பெயர், மோஸ்ட் வேல்யுபிள் பிளேயர். சுருக்கமாக எம்.வி.பி.

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக்கில் 15, நேஷனல் லீக்கில் 15. லீக்குக்கு ஒன்று என வருடத்துக்கு இரண்டு எம்.வி.பி. இந்த விருதை ரசிகர்களோ, சக வீரர்களோ முடிவு செய்வதில்லை. 1931-லிருந்து பேஸ்பால் எழுத்தாளர்கள் சங்கம்தான் ஓட்டுப் போடுகிறது. ஒரு அணிக்கு இரண்டு பத்திரிகையாளர்கள் என்ற கணக்கில் லீக்குக்கு 30 ஓட்டு. ஒவ்வொருவரும் பத்துப் பெயர்களை வரிசையாக எழுத வேண்டும். முதல் இடத்துக்கு 14 பாயின்ட், இரண்டாம் இடத்துக்கு 9, அப்புறம் 8, 7 என்று இறங்கி பத்தாவது பெயருக்கு 1. பிளே ஆஃப் தொடங்குவதற்கு முன்பே ஓட்டுப் போட்டு முடித்துவிட வேண்டும்.

இதில் செம காமெடி என்னவென்றால், 'வேல்யுபிள்' என்றால் என்ன அர்த்தம் என்று ஓட்டுச்சீட்டில் எங்கேயும் சொல்லவில்லை. தெளிவான விளக்கம் கிடையாது, நீங்களே முடிவு பண்ணிக்கோங்க என்றே எழுதியிருக்கிறார்கள். பிரச்னையே அங்கேதான் ஆரம்பம்!

அந்தக் காலத்து அளவுகோல்

ரொம்ப வருஷமாக மூன்று நம்பர்கள்தான் ராஜா. பேட்டிங் ஆவரேஜ், ஹோம் ரன், ஆர்.பி.ஐ. இங்கே ஆவரேஜ் என்றால் கிரிக்கெட் ஆவரேஜ் இல்லை. பத்து முறை அடிக்க வந்து மூன்று முறை ஹிட் அடித்தால் 0.300. அதுவே கெத்து ஸ்கோர். ஹோம் ரன் நம்ம ஊர் சிக்ஸருக்கு அண்ணன். ஆர்.பி.ஐ என்பது ஒருவர் அடித்த அடியால் எத்தனை பேர் ஓடிவந்து ரன் எடுத்தார்கள் என்ற கணக்கு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளே ஓட்டை இருக்கு. பஸ்ஸில் ஆள் ஏறியிருந்தால்தானே டிரைவர் ஸ்டாப்பில் இறக்கிவிட முடியும்? உங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் பேஸில் நின்றால்தான் உங்களுக்கு ஆர்.பி.ஐ. அது பாதி உங்கள் திறமை, பாதி உங்கள் நண்பர்கள் புண்ணியம். ஆவரேஜிலும் ஒரு குறை உண்டு. பிட்சர் நாலு பந்தைத் தப்பாகப் போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம். இதன் பெயர் வாக். பொறுமையாக நின்று வாங்கிய இந்த வாக், ஆவரேஜில் கணக்கிலேயே வராது. இதைச் சேர்த்துக்கொள்வதுதான் ஆன்-பேஸ் பெர்சன்டேஜ். 'மணிபால்' படத்தில் ஜோனா ஹில் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

1987-ல் நேஷனல் லீக் எம்.வி.பி, சிகாகோ கப்ஸ் அணியின் ஆண்ட்ரே டாசன். 49 ஹோம் ரன், 137 ஆர்.பி.ஐ. பார்த்தால் மிரட்டல்தான். ஆனால் அவருடைய ஆன்-பேஸ் பெர்சன்டேஜ் வெறும் 0.328. அணியும் தன் டிவிஷனில் கடைசி இடம். இன்றைக்கு இருந்திருந்தால் அவருக்கு விருது கிடைத்திருக்காது என்றே தோன்றுகிறது.

இந்த ஓட்டைகளை எல்லாம் தோண்டி எடுத்தவர்களில் முக்கியமானவர் பில் ஜேம்ஸ். 1970-களில் கன்சாஸில் ஒரு டின் உணவுத் தொழிற்சாலையில் நைட் வாட்ச்மேனாக இருந்துகொண்டே பேஸ்பால் நம்பர்களை அலசி எழுதியவர். 'சேபர்மெட்ரிக்ஸ்' என்ற பெயரே அவர் வைத்ததுதான்.

2012: பெரிய சண்டை

டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் மிகேல் கப்ரேரா அந்த வருடம் 0.330 ஆவரேஜ், 44 ஹோம் ரன், 139 ஆர்.பி.ஐ எடுத்து மூன்றிலும் அமெரிக்கன் லீக்கில் நம்பர் ஒன். இதற்கு டிரிபிள் கிரவுன் என்று பெயர். 1967-க்கு அப்புறம் யாரும் செய்யாதது. 45 வருடக் காத்திருப்பு, பாஸ்!

எதிரில் லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் மைக் ட்ரவுட். சீசன் நடுவில்தான் 21 வயசே ஆனது. முதல் முழு சீசன். 0.326, 30 ஹோம் ரன், 83 ஆர்.பி.ஐ. பழைய தராசில் வைத்தால் போட்டியே இல்லை. ஆனால் பையன் 49 பேஸ்களைத் திருடியிருந்தான், மாட்டியது ஐந்தே முறை. 129 ரன் ஓடியிருந்தான். சென்டர் ஃபீல்டில் வேலிக்கு மேல் தாவி எதிரணியின் ஹோம் ரன்களைப் பிடுங்கியிருந்தான். பால்டிமோரில் ஜே.ஜே.ஹார்டி அடித்ததை அவன் பிடித்த வீடியோவை இப்பவே தேடிப் பாருங்க. இன்னொரு பக்கம் கப்ரேரா, டபுள் பிளேயில் தானும் அவுட்டாகி பேஸில் நின்றவரையும் அவுட்டாக்கியது 28 முறை.

இதையெல்லாம் ஒரே நம்பருக்குள் அடக்க முடியுமா? அதுதான் வார் (வின்ஸ் அபவ் ரீப்ளேஸ்மென்ட்). ஐடியா சிம்பிள். உங்களுக்குக் காயம் என்று நாளைக்கே ஒரு சுமாரான ஆளைக் குறைந்தபட்ச சம்பளத்தில் கூட்டி வந்தால், அணி எத்தனை வெற்றியை இழக்கும்? பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங் எல்லாவற்றையும் முதலில் ரன்களாக மாற்றுவார்கள். சுமார் 10 ரன் சேர்ந்தால் ஒரு வெற்றி. ஆடும் மைதானம் பேட்டருக்குச் சாதகமா என்பதையும் கழித்துக்கொள்வார்கள். ஷார்ட்ஸ்டாப், கேட்ச்சர் போன்ற கஷ்டமான இடங்களில் நிற்பவருக்குக் கூடுதல் மார்க்.

அணி முழுக்க அந்த 'சுமார் ஆட்கள்'தான் என்றால் 162 மேட்சில் ஏறத்தாழ 48 ஜெயிக்கலாம் என்பது கணக்கு. 30 அணிகளும் சேர்ந்து ஒரு சீசனில் ஜெயிப்பது 2,430. சுமார் ஆட்களின் பங்கைக் கழித்தால் மிச்சம் கிட்டத்தட்ட 1,000 வெற்றி. அந்த ஆயிரத்தைத்தான் எல்லா வீரர்களுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். 2012-ல் ட்ரவுட்டின் பங்கு 10-க்கு மேல். கப்ரேராவுக்குச் சுமார் 7.

ஆனால் 28 ஓட்டில் 22 முதலிடம் கப்ரேராவுக்கு! அப்போது அமெரிக்கன் லீக்கில் 14 அணிகள்தான். டைகர்ஸை பிளே ஆஃபுக்குக் கொண்டுபோனார் என்பது அவர் தரப்பு வாதம். இதில் ஒரு கொடுமை, டைகர்ஸ் ஜெயித்தது 88. ஏஞ்சல்ஸ் 89. டிவிஷன் அமைப்பால் அதிகம் ஜெயித்த அணி வெளியே நின்றது. அதற்கு ட்ரவுட் என்ன செய்வான்? என் ஓட்டு அவனுக்குத்தான். ஆனால் டிரிபிள் கிரவுன் அடித்தவருக்கு "இல்லை" சொல்ல மனசு வராதவர்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

வார் சொன்னா அதான் ஃபைனலா?

இல்லை. பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்துக்கு ஒரு வார், ஃபேன்கிராஃப்ஸ் தளத்துக்கு இன்னொரு வார். ஃபீல்டிங்கை அளப்பதில் இரண்டும் ஒத்துப்போவதில்லை, ஒரு சீசன் ஃபீல்டிங் நம்பரை அப்படியே நம்பவும் முடியாது. பிட்சர் விஷயத்தில் ஒன்று அவர் விட்டுக்கொடுத்த ரன்களைப் பார்க்கும். இன்னொன்று ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன்களை மட்டும் பார்க்கும். அதனால் 8.1-க்கும் 7.6-க்கும் நடுவே நின்று சட்டையைப் பிடிப்பது வேஸ்ட். 10-க்கும் 7-க்கும் என்றால் பேசலாம்.

ஆனாலும் ஓட்டுப் போடுபவர்கள் மாறிவிட்டார்கள். 2016-ல் ஏஞ்சல்ஸ் தோற்றதே அதிகம், 74 வெற்றிதான். இருந்தும் ட்ரவுட்தான் எம்.வி.பி. 2024-ல் ஷோஹெய் ஒட்டானி ஃபீல்டிங்குக்கே இறங்காமல், 54 ஹோம் ரன், 59 திருட்டு என்று பேட்டையும் காலையும் வைத்தே ஒருமனதாக நேஷனல் லீக் விருதை அள்ளினார்.

இப்போது இதில் காசும் இருக்கிறது. சம்பளப் பேரம் பேசும் தகுதி வராத இளம் வீரர்களுக்காக 2022-லிருந்து வருடம் 5 கோடி டாலர் போனஸ் ஒதுக்குகிறார்கள். அவர்களில் ஒருவர் எம்.வி.பி ஆனால் 25 லட்சம் டாலர். விருதுகளுக்குப் போக மீதியை வார் பட்டியலில் முதல் 100 பேருக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வேலிக்கு மேல் தாவிப் பிடிக்கும் அந்தக் கேட்ச் இப்போது ஒரு இளம் வீரரின் பேங்க் அக்கவுன்ட்டிலும் ஏறுகிறது. 2012-ல் மைக் ட்ரவுட்டின் சம்பளம் குறைந்தபட்ச லெவலில்தான் இருந்தது!