ஒன்பது மணிச் செய்தி

1940 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. லண்டன்மீது ஜெர்மன் விமானங்கள் இரவு தவறாமல் குண்டு வீசத் தொடங்கி ஐந்து வாரம் கடந்துவிட்டது. ஆனாலும் காலை ஏழு மணிக்குச் செய்தி, எட்டேகாலுக்குச் சமையல் பேச்சு என்று பிபிசியின் நேரம் மட்டும் பிசகவில்லை.

அப்போது நாடு முழுக்கக் கேட்டது ‘ஹோம் சர்வீஸ்’ என்ற நிலையம். ஊருக்கொரு நிகழ்ச்சியை ஊருக்கொரு அலைவரிசையில் அனுப்பினால், அதைப் பிடித்துக்கொண்டே எதிரி விமானம் வழி கண்டுபிடித்துவிடும். அதனால், போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்பே, 1939 செப்டம்பர் 1 அன்று, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டார்கள். வானிலை அறிக்கையும் நின்றது. துணி உலர்த்தலாமா கூடாதா என்று வானத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்!

அந்த எட்டேகால் பேச்சுக்குப் பெயர் ‘கிச்சன் ஃபிரண்ட்’, அதாவது அடுப்பங்கரைப் போர்முனை. உணவு அமைச்சகத்தின் ஏற்பாடு, ஐந்தே நிமிடம். கோதுமை கப்பலில் வரவேண்டும். கப்பலை நீர்மூழ்கி மூழ்கடிக்கிறது. உருளைக்கிழங்கோ உள்ளூரிலேயே விளைகிறது. ஆகவே ரொட்டியைக் குறை, கிழங்கைக் கூட்டு. கெர்ட், டெய்சி என்ற பெயர்களில் இரண்டு சகோதரிகள் வம்பு பேசிக்கொண்டே இதைச் சொன்னபோது, அமைச்சரின் அறிக்கையைவிட எடுபட்டது. ரேஷனில் ஆளுக்கு வாரம் 2 அவுன்ஸ் தேயிலை. நம் வீடுகளில் மூன்று நாளைக்குக் காணாது.

பதினொரு மணிக்குப் பள்ளி ஒலிபரப்பு. 1939 செப்டம்பரின் முதல் நாட்களில் மட்டும் சுமார் 15 லட்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகள், நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் வகுப்பு, வந்த பிள்ளைகளுக்கு மாலையில் என்று ஒரே பள்ளிக்கூடம் இரண்டு முறை ஓடியது. இளம் ஆசிரியர்கள் பலர் ராணுவத்துக்குப் போய்விட்டார்கள். இந்த நெரிசலில்தான் வானொலிப் பெட்டி பாட்டு வாத்தியார் ஆனது. ‘சிங்கிங் டுகெதர்’ நிகழ்ச்சி 1939 செப்டம்பர் 25 அன்று தொடங்கியது. திங்கள்தோறும் ஹெர்பர்ட் வைஸ்மன் சொல்லிக்கொடுக்க, எங்கெங்கோ சிதறிக் கிடந்த பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரே நாட்டுப்பாடலைப் பாடினார்கள். போருக்காகப் பிறந்த அந்த வகுப்பு, போர் முடிந்தும் பல பத்தாண்டுகள் நடந்தது.

மாலையில் சிறுவர் நேரம். இரண்டு நாள் முன்பு, ஞாயிறன்று, 14 வயது இளவரசி எலிசபெத் தன் முதல் வானொலி உரையை நிகழ்த்தியது இதில்தான். வீட்டைப் பிரிந்த பிள்ளைகளிடம் பேசிவிட்டு, தங்கை மார்கரெட்டையும் ‘குட் நைட்’ சொல்ல வைத்தார்.

செவ்வாய் இரவு எட்டு மணி சுமாருக்கு, பிபிசியின் தலைமையகமான பிராட்காஸ்டிங் ஹவுஸின் ஏழாம் மாடி ஜன்னலைத் துளைத்து ஒரு குண்டு உள்ளே வந்தது. வெடிக்கவில்லை. ஐந்தாம் மாடி இசை நூலகத்தில் போய்க் கிடந்தது.

ஒன்பது மணி. அடித்தள அரங்கில் புரூஸ் பெல்ஃபிரேஜ் செய்தியை ஆரம்பித்தார். முன்பெல்லாம் செய்தி வாசிப்பவர் தன் பெயரைச் சொல்வதில்லை. எதிரி போலிக் குரலில் புகுந்துவிடக்கூடும் என்ற அச்சத்தில் அந்த ஆண்டுதான் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு நிமிடம் போயிருக்கும். அகற்ற முயன்றபோது குண்டு வெடித்தது. மேலே ஊழியர்கள் ஏழு பேர் இறந்தார்கள்.

வீடுகளில் கேட்டது மங்கலான ஒரு ‘தொப்’. ஒரு கணம் மௌனம். தாளில் கொட்டிய சுண்ணாம்புத் தூளை ஊதிவிட்டு, பெல்ஃபிரேஜ் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

26 நாள் கழித்து, நவம்பர் 10 முதல், அதே ஒன்பது மணிச் செய்திக்கு முன்னால் பிக் பென் கடிகார மணியோசையை ஒலிபரப்பத் தொடங்கினார்கள். மணி அடித்து முடியும்வரை மௌனமாகப் பிரார்த்திப்பது பல வீடுகளில் வழக்கமாயிற்று.