எறிய மனம் வராத காகிதங்கள்

சரித்திரம் என்றாலே அரசர்கள் கல்லில் வெட்டி வைத்ததுதான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அடுப்பங்கரையின் கதையைக் கல்லில் வெட்டுவிப்பார் யார்? இதற்குப் பழைய கெய்ரோ நகரம் ஒரு விசித்திரமான பதிலை வைத்திருந்தது.

அங்கே பென் எஸ்ரா என்ற யூத ஆலயத்தில் ஓர் இருட்டறை உண்டு. இறைவன் திருநாமம் எழுதிய தாளை அழிக்கக் கூடாதென்பது யூதர்களின் வழக்கம். நாளடைவில் எபிரேய எழுத்தில் எழுதிய எதையுமே எறிய அவர்களுக்கு மனம் வரவில்லை. சுவரில் உயரத்திலிருந்த துவாரத்தின் வழியே அறைக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் வருஷம்! எகிப்தின் வறண்ட காற்று அவற்றைக் காப்பாற்றியது.

1896-ஆம் வருஷக் கடைசியில் சாலமன் ஷெக்டர் என்ற கேம்பிரிட்ஜ் பண்டிதர் அங்கே போய், புழுதியில் முழுகி, மூட்டை மூட்டையாகக் காகிதங்களைக் கொண்டுவந்தார். துண்டுகள் சுமார் 1,93,000. முதலில் எல்லோரும் வேத நூல்களைத்தான் தேடினார்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் படித்தவர் கோய்டைன் என்ற அறிஞர். 1967 முதல் பெரிய தொகுதிகளாக அவர் எழுதி வெளியிட்டதில் ஒரு நகரமே எழுந்து நடமாடுகிறது. மணப்பெண்ணின் சீர்வரிசை விலையோடு இருக்கிறது. தருமத்துக்கு ரொட்டி வாங்கிய ஏழைகளின் ஜாபிதா இருக்கிறது. குழந்தை எழுத்துப் பழகிய தாளும் இருக்கிறது. தன் சம்மதமில்லாமல் கணவன் அடிமைப் பெண்ணை வாங்கக் கூடாதென்று நிபந்தனை போட்ட கல்யாணப் பத்திரங்கள்கூட உண்டு. அந்த ஒரு வரிக்குப் பின்னால் எத்தனை வீடுகளின் கண்ணீரோ!

என்னை உலுக்கியது வேறொரு பத்திரம். ஆபிரகாம் பென் யிஜு என்ற வியாபாரி டுனீஷியாவிலிருந்து வந்து, நம் மங்களூரில் பதினேழு வருஷம் வெண்கலப் பட்டறை வைத்திருந்தார். ஏடனிலிருந்து நண்பர்கள் அவருக்குச் சர்க்கரையும் காகிதமும் அனுப்புவார்கள். மனிதர் சிக்கனக்காரர்; வந்த கடிதத்தின் வெற்றிடத்தில் தம் கணக்கை எழுதுவார். 1132 அக்டோபர் 17-ஆம் தேதி அவர் மங்களூரில் ஓர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலைப் பத்திரம் எழுதினார். அவள் பெயர் அஷு. பிறகு அவளையே அவர் மணந்துகொண்டார் என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

பென் யிஜுவின் இன்னொரு பணியாள் பொம்மா. அவனைத் தேடி நாவலாசிரியர் அமிதாவ் கோஷ் வருஷக்கணக்கில் அலைந்து, 1992-ல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். கற்பனை ஓடுகிற தொழிலில் இருப்பவர் அத்தாட்சியைத் தேடி அலைந்தாரே, அதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது.

அஷுவைப் பற்றி ஒரு மணி நேரத்தில் நான் கதை கட்டிவிடலாம். அவளை அழவைக்கலாம், சிரிக்கவைக்கலாம். ஆனால் என் பேனா தயங்குகிறது. எஜமானின் கையெழுத்து கிடைத்திருக்கிறது. அவள் வாய்ச்சொல் ஒன்றுகூட எந்தத் தாளிலும் இல்லை. அந்த மௌனத்தை நான் என் வசனத்தால் நிரப்பினால், அவளை இன்னொரு எஜமானிடம் ஒப்படைத்த மாதிரிதானே ஆகும்?

அவளுடைய சொத்தாக மிஞ்சியது பெயர் ஒன்றுதான், இரண்டே எழுத்து. குப்பையென்று யாராவது அந்தத் தாளைக் கொளுத்தியிருந்தால் அதுவும் போயிருக்கும்.